அரை லிட்டர் ஆயிலுக்கு ஆறு லிட்டர் பம்ப்

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காரைப் பொறுத்தவரை பெட்ரோல் போட்டு ஓட்டத் தெரியும், டயரில் காற்றுப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் இன்ஜினிலிருந்து ஆயில் உறிஞ்சுகிற கைப்பம்ப் ஒன்றை ஆன்லைனில் 2,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் "செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கவா?" என்று மனைவி கேட்டாள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆறு லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், மேலே கைப்பிடி, பக்கத்தில் குழாய்.

வாங்க நேர்ந்த கதை இதுதான். என்னுடையது பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். ஆயில் மாற்ற ஓர் இடத்தில் விட்டேன், பெயர் வேண்டாம். மறுநாள் காலை, ஏதோ தோன்றி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்தால் மேல் குறியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாக ஆயில் ஏறியிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன், அதேதான். எங்கள் வாசல் கொஞ்சம் சரிவு, அதனால் இருக்குமோ என்று சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

பில்லை எடுத்துப் பார்த்ததும் கணக்குப் புரிந்தது. ஆயில் டப்பா 3.5 லிட்டர். வண்டிக் கையேட்டில் ஃபில்டர் மாற்றினால் 3.1 லிட்டர் என்று போட்டிருக்கிறது. உடைத்த டப்பாவில் மிச்சம் எதற்கு என்று முழுவதையும் கவிழ்த்திருக்கிறார்கள். அவசரத்தில் பழைய ஆயிலும் முழுக்க வடியவில்லை போல. போன் செய்தால், "சார், கூட இருந்தா நல்லதுதான் சார், இன்ஜின் சூடாகாது" என்றார்கள். மருந்துக் கடைக்காரனிடம் சொல்லும் பேச்சா இது? ஒரு மாத்திரைக்கு ரெண்டாகப் போட்டால் காய்ச்சல் சீக்கிரம் விடும் என்று நினைப்பவர்கள் தினமும் பத்துப் பேராவது என் கவுன்டருக்கு வருகிறார்கள்.

மேல் குறிக்கு இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தால் நானும் விட்டிருப்பேன்; அதனால் ஒன்றும் ஆகாது. அரை லிட்டர் என்பது வேறு. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். அதற்கு மேலே கிராங்க் ஷாஃப்ட் என்ற இன்ஜின் தண்டு சுழல்கிறது. ஆயில் அதைத் தொடும் அளவு உயர்ந்துவிட்டால், மோரில் மத்தை விட்டது மாதிரிதான், நுரைத்துவிடும். இன்ஜினுக்குள்ளேயே இருக்கும் ஆயில் பம்ப் அப்போது ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், பேரிங்குகளுக்குப் போகும் அழுத்தம் குறையும். இன்னொரு பக்கம், சீல்கள் வழியாகக் கசிவு ஆரம்பிக்கலாம். காற்றுப் போகும் பாதையில் ஆயில் ஏறினால் நீலப் புகை, ஸ்பார்க் ப்ளக்கில் கரி, கடைசியில் சைலென்சர் பக்கம் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. அதன் விலையை விசாரித்தவர்கள் ஆயிலை எடுக்க 2,350 ரூபாய் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் விடலாமே என்றார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாம். ஆனால் போல்ட் கையோடு வந்ததும் ஆயில் பீய்ச்சும், வேண்டிய அளவில் நிறுத்துவது பழகிய கைக்கே சிரமம், வாஷரையும் மாற்ற வேண்டும். முதலில் என் தொந்தி வண்டிக்கு அடியில் போகாது. அதனால்தான் மேலிருந்தே, டிப்ஸ்டிக் துவாரம் வழியாக உறிஞ்சும் பம்ப். அது வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை வண்டியை எடுக்கவில்லை, கடைக்கு நடைதான்.

வேலை செய்யும் விதம் எளிது. கைப்பிடியை ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கினால் டேங்கிலிருக்கும் காற்று வெளியேறுகிறது. அப்புறம் கையை எடுத்துவிடலாம், குழாய் வழியாக ஆயில் தானே ஏறி வருகிறது. இந்த யோசனைக்கு முழு மதிப்பெண். தயாரித்த விதத்துக்குத்தான் கொடுக்க முடியவில்லை.

கூடவே இரண்டு குழாய் தருகிறார்கள். தடித்தது என் வண்டியின் டிப்ஸ்டிக் துவாரத்தில் நுழையவே இல்லை. மெல்லியது நுழைந்தது, ஆனால் டேங்கோடு சேரும் இடத்தில் காற்று ஒழுகிற்று. முப்பது தடவை அடித்தும் குழாயில் குமிழிதான் வந்தது. கடையிலிருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து மூன்று சுற்றுச் சுற்றிய பிறகு ஆயில் அசைந்தது. சித்திரை வெயிலில் பானட்டைத் திறந்துவைத்து நண்பகலில் செய்தேன்; ஆயில் இளகியிருக்கட்டும் என்றுதான். இதற்காக வண்டியை ஓட்டிச் சூடாக்க எனக்கு மனமில்லை. விடியற்காலையில் செய்தால் இன்னும் இழுவையாக இருக்கும். குழாயை விடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்து, அதே நீளத்துக்குக் குழாயில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் திணித்தால் குழாய் உள்ளே மடங்கிக்கொள்ளும்.

எனக்குப் பெரிய கோபம் டேங்கின் மேல்தான். அளவுக்கோடு ஒரு லிட்டரில்தான் தொடங்குகிறது! அதிகமாக ஊற்றியதை எடுக்க வாங்குபவனுக்குத் தேவையே அதற்குக் கீழேதானே? ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து, மில்லி கோடு போட்ட ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். 400 மில்லி வந்ததும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். இன்னும் குறிக்குக் கொஞ்சம் மேலே. பம்ப் மறுபடியும் குமிழி விடத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் என் கடை ஞாபகம் வந்தது. மூக்கு வழியாகக் கஞ்சி கொடுக்க ரைல்ஸ் ட்யூப் என்று ஒன்று விற்கிறோம். அதன் நம்பரை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் தடிமன் வரும். 14 நம்பர் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளம் ஒரு மீட்டருக்கு மேல். நுனியில் கனத்துக்காக எஃகுக் குண்டுகள் இருக்கும், அந்த முனையை வெட்டி எறிந்துவிட வேண்டும். சேம்பருக்குள் குண்டு விழுந்தால் அது தனி வம்பு. மறுமுனையில் 60 மில்லி சிரிஞ்ச். புதிதாகத்தான் எடுத்தேன், இரண்டும் சேர்த்து 150 ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டரைச் சிரிஞ்ச் இழுத்ததும் ஆயில் மேல் குறிக்கு மயிரிழை கீழே வந்து நின்றது. அளவும் துல்லியம். ஆக மொத்தம் 550 மில்லி. முதலிலேயே இதை யோசித்திருந்தால் ஒன்பது தடவை சிரிஞ்ச் இழுத்து, அன்றே வண்டியை எடுத்திருப்பேன்.

அப்படியானால் பம்ப் தண்டமா? எனக்குத் தண்டம்தான். வீட்டில் இரண்டு மூன்று வண்டி வைத்து, மேலிருந்தே ஆயில் மாற்ற நினைப்பவர்களுக்கு உபயோகப்படும். மூன்று லிட்டரைச் சிரிஞ்சில் இழுக்க முடியாது. அவர்களும் டிப்ஸ்டிக் துவாரத்தின் விட்டத்தை அளந்து, மெல்லிய குழாய் வருகிற மாடலாகப் பார்த்து வாங்கட்டும். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். அந்த அரை, கைப்பிடி இன்னும் உடையாததற்காக.

பம்ப் வந்ததைக் கேள்விப்பட்டு மச்சான் தன் டீசல் வண்டியோடு வந்தார். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி, 2021 மாடல். யாரும் ஊற்றாமலே ஆயில் ஏறுகிறது என்றார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை. அந்த வண்டிகளில் புகை வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்க உபரியாக டீசல் செலுத்தப்படும். வீட்டிலிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து வீடு என்றே ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போய், டீசல் ஆயிலில் கலந்துவிடும். அதை உறிஞ்சி அளவைச் சரிசெய்து பயனில்லை, நீர்த்துப்போன ஆயில்தானே உள்ளே இருக்கும்? மாற்றத்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால், இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம்; அப்போது ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

எடுத்த 550 மில்லியைக் கொட்டவில்லை. புது ஆயில், சுத்தமான குழாய். சர்வீஸ்காரர்கள் டிக்கியில் போட்டிருந்த அதே காலி டப்பாவில் ஊற்றி, தேதி எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். குறைந்தால் அதிலிருந்தே விடலாம். பம்ப் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி அதைக் கழுவி ரோஜாச் செடிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். அது உறிஞ்சுமே தவிர அடிக்காது என்று இன்னும் சொல்லவில்லை.