ஹெட்செட்டா, வாட்ஸ்அப்பா, கேள்வி நேரமா?

நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களின்படி வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் பட்டியல், வந்துவிடும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் கொள்முதல் பில்களை 2பியோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்போம். 180ஆவது பில்லில் நிற்கும்போது, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குரல் வரும். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். சில நாள் பக்கத்தின் முதல் வரியிலிருந்தே மறுபடி பார்ப்பேன்.

இந்தக் குறுக்கீட்டைக் குறைக்க மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன்.

முதலில் ஹெட்செட்: காதில் மாட்டியிருந்தால் 'இப்போது கூப்பிடாதீர்கள்' என்று அர்த்தம். பெரிய ஐடி கம்பெனிகளில் இதற்கு மதிப்பு உண்டு என்கிறார்கள். ஆறு பேர் உட்காரும் எங்கள் அறையில் எடுபடவில்லை. தைரியமானவர்கள் மேஜையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கி நின்றுவிட்டு, ஐஜிஎஸ்டி என்று போட வேண்டிய வெளிமாநில பில் ஒன்றை, உள்மாநில பில் போல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்து டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிவிட்டாள். கேட்டே ஆக வேண்டியவளைத்தான் ஹெட்செட் தடுத்தது. சிட்னியில் மருந்து கொடுக்கும் நர்ஸ்களுக்கு 'குறுக்கிடாதீர்கள்' என்று எழுதிய மேலங்கி போட்டுச் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. குறுக்கீடுகள் குறைந்தன. ஆனால் புழுக்கம், தொந்தரவு என்று நர்ஸ்கள் சொன்னார்கள். இதைத் தொடரலாம் என்றவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அடையாளத்தைச் சுமக்கிற பாடு வேலை செய்பவருக்கே வந்துவிடுகிறது.

அடுத்தது, "வாட்ஸ்அப்பில் போடுங்க" என்பது. பில்லின் படத்தோடு கேள்வி எழுத்தில் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் அனுப்பிய இரண்டாம் நிமிடம், "அக்கா, மெசேஜ் பார்த்தீங்களா?" என்று ஆளே வந்து நிற்பார். எப்போது பதில் வரும் என்று தெரியாதவர் வேறு என்ன செய்வார்?

மூன்றாவது, கேள்விக்கென்று நேரம் ஒதுக்குவது. காலை 11:30, மாலை 4, ஒவ்வொன்றும் 20 நிமிடம். அதுவரை சந்தேகங்களை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். பார்ட்டி, அதாவது கணக்கைக் கொடுத்த வாடிக்கையாளர், நேரில் வந்திருந்தாலோ வரித்துறை நோட்டீஸுக்கு அன்றே பதில் போட வேண்டியிருந்தாலோ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். எனக்கு உதவியது இதுதான். நோட்டில் எழுதும்போதே சில கேள்விகளுக்கு அவர்களே விடை கண்டுபிடித்தார்கள். மற்றவை மொத்தமாக வந்ததால் ஒரே விளக்கம் நான்கு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 1981இல் ஒரு விதி போட்டது. விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே, பறப்பதோடு தொடர்பில்லாத பேச்சு விமானி அறையில் கூடாது. கேப்டனுக்கும் அதே விதிதான். எங்கள் ஆடிட்டர் சாரும் 11:30 வரை காத்திருக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் எங்கள் ஏற்பாடு நிலைத்தது. அதற்கு முன் இரண்டு மாதம் பேருக்குத்தான் இருந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, வேலைதான் எப்படியும் முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. முடியத்தான் செய்கிறது. வேலையிடக் குறுக்கீடுகளை ஆராயும் குளோரியா மார்க் குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வில், குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். கூடவே மன அழுத்தமும் எரிச்சலும் ஏறியிருந்தன. 20ஆம் தேதி இரவு நான் வீட்டுக்கு எடுத்துப் போனது அந்த எரிச்சலைத்தான்.

கேள்வி எதுவும் இல்லாமல், சும்மா பேச வரும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்த மூன்றும் பொருந்தாது. ஹெட்செட் போட்டால் மரியாதையாக இருக்காது, நோட்டில் எழுதச் சொல்லவும் முடியாது. "சார், இந்தப் பார்ட்டி முடிச்சிட்டு நானே உங்க டேபிளுக்கு வரேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் டீயோடு போனேன். போகாமல் விட்டிருந்தால் அடுத்த நாள் அவர் அந்த வார்த்தையை நம்பியிருக்க மாட்டார். இப்போதெல்லாம் என் மேஜைப் பக்கம் வரும்போது, "முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை இழுக்கிறார்.