காயே 54 டிவிடி: அப்பா, மகன், ரெண்டு பியானோ

ரொம்ப நாளா தேடி ஒரு வழியா செகண்ட் ஹேண்ட்ல இந்த டிவிடி கிடைச்சுது, கவர் ஓரமா விரிஞ்சுதான் வந்துச்சு, ஆனா டிஸ்க்ல ஒரு கீறல் இல்ல, அதனால எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வாங்கி மூணு வாரம் ஆச்சு, முழுசா நாலு தடவை பார்த்துட்டேன், சில பகுதிகள எத்தன தடவைனு எண்ணல. லத்தீன் ஜாஸ்னா என்னனு கேக்குறவங்களுக்கு இனிமே நான் வாயால விளக்கம் சொல்லப் போறதில்ல, இத கையில குடுத்துடுவேன்.

என்ன படம்னு சொல்லிடறேன். ஸ்பெயின் டைரக்டர் ஃபெர்னாண்டோ ட்ருவேபா 2000-ல எடுத்த டாக்குமெண்டரி, ஒன்னே முக்கால் மணி நேரம் ஓடும். காயேனா ஸ்பானிஷ்ல தெரு. நியூயார்க்ல 54-ஆவது தெருவுல இருந்த சோனி ஸ்டுடியோவுக்கு லத்தீன் ஜாஸ், அதாவது அமெரிக்க ஜாஸும் கியூபா மாதிரி லத்தீன் அமெரிக்க ஊருங்க தாளமும் கலந்த மியூசிக், வாசிக்கிற ஆளுங்கள ஒவ்வொருத்தரா வரவழைச்சு வாசிக்க வெச்சு படம் பிடிச்சிருக்காரு, அதான் பேரு. ஒவ்வொருத்தருக்கும் முதல்ல ரெண்டு மூணு நிமிஷம் அவரு ஊரு, வீடு, கொஞ்சம் பேச்சு, பின்னணில டைரக்டரோட குரல், அப்புறம் ஸ்டுடியோவுக்குள்ள ஒரு பாட்டு, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் வெட்டாம. இந்த வெட்டாம காட்டுறதுதான் எனக்குப் பெரிய விஷயம். மியூசிக் டாக்குமெண்டரினு போட்டா பாதி பேரு அருமையா ஒரு சோலோ போய்க்கிட்டு இருக்கும்போது குரல ஏத்தி "இவர் இந்த வருஷம் பிறந்தார்"னு ஆரம்பிச்சிடுவாங்க, இதுல அந்தக் கொடுமை இல்ல, வாசிக்க ஆரம்பிச்சா வாசிப்பு மட்டும்தான், கேமராவும் விரலுக்கும் முகத்துக்கும் நடுவுல பொறுமையா போய் வருது.

எல்லாத்துக்கும் முன்னாடி பேபோ வால்டெஸ், சூச்சோ வால்டெஸ் ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிற சீனப் பத்தி சொல்லணும், ஏன்னா நான் இந்த டிவிடிய தேடினதே அதுக்காகத்தான்.

பேபோ அப்பா, சூச்சோ மகன், ரெண்டு பேருமே பியானோ. ரெண்டு பேரும் பிறந்தது அக்டோபர் 9, அப்பா 1918, மகன் 1941, ஒரே ஊரு, கியூபால கிவிகான். பேபோ 1940-கள் கடைசிலயும் 50-கள்லயும் ஹவானால ட்ரோபிகானா கிளப்புல பியானோ வாசிச்சவரு, ஆர்கெஸ்ட்ராவுக்கு அரேஞ்ச் பண்ணினவரு, 1952-ல பட்டாங்கானு சொந்தமா ஒரு ரிதமே உண்டாக்கினாரு. 1960-ல, புரட்சி நடந்து ஒரு வருஷம் கழிச்சு, நாட்ட விட்டுக் கிளம்பினவரு திரும்பப் போகவே இல்ல. மெக்சிகோ, அப்புறம் ஸ்பெயின், அப்புறம் ஐரோப்பா டூர், 1963-ல ஸ்டாக்ஹோம் போனப்ப ஒரு ஸ்வீடன் பொண்ணப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே இருந்துட்டாரு. ஹவானால கொடி கட்டிப் பறந்த மனுஷன் அந்தக் குளிர் நாட்டுல முப்பது வருஷம் ஹோட்டல்ல பியானோ வாசிச்சாரு, சாப்பிட வந்தவங்களுக்கு இது யாருன்னே தெரியாது. மகன் கியூபாலயே இருந்தான், 1973-ல இராகெரேனு ஒரு பேண்ட் ஆரம்பிச்சு உலகம் பூரா பேரு வாங்கினான். அப்பாவும் மகனும் மறுபடி நேர்ல பார்த்துக்கிட்டது 1978-ல, இராகெரே நியூயார்க்குக்கு வாசிக்க வந்தப்ப. இடைல பதினெட்டு வருஷம் போயிடுச்சு.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு அந்த சீனப் பாருங்க. வாசிக்கிறது கியூபா இசையமைப்பாளர் எர்னெஸ்டோ லெக்குவோனாவோட லா கொம்பார்சா. கொம்பார்சானா கார்னிவல் ஊர்வலம், தூரத்துல இருந்து மேளம் கேக்குற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு, கிட்ட வர வர சத்தம் ஏறி, நம்ம வாசலத் தாண்டிப் போற மாதிரி அப்படியே தேய்ஞ்சு போற பாட்டு அது. சூச்சோ கை வேகம் உலகத்துக்கே தெரியும், அந்த மனுஷன் நெனச்சா பியானோவப் புரட்டிப் போட முடியும், ஆனா இங்க அப்பா பக்கத்துல அவ்வளவு அடக்கமா வாசிக்கிறாரு, அப்பா ஒரு வரி வாசிச்சா காத்திருந்து வாங்கிக்கிறாரு, கேட்டு கேட்டு வாசிக்கிறாரு, அறுபதை நெருங்குன ஆளு அப்பா முன்னாடி பாடம் ஒப்பிக்கிற பையனா ஆகுறத அப்ப நீங்களே பாப்பீங்க. நான் முதல் தடவ பார்த்தப்ப அழுதுட்டேன், நாலாவது தடவையும்தான்.

இங்கயே என் முதல் குறையும் வருது. நான் மேல சொன்ன கதைல பாதிகூட படத்துல இல்ல. ஏன் பிரிஞ்சாங்க, அந்தப் பதினெட்டு வருஷம் என்ன ஆச்சுன்னு டைரக்டர் உள்ள போகவே இல்ல, மெல்லத் தொட்டுட்டு பியானோகிட்ட போயிடுறாரு. தெரிஞ்சவங்களுக்கு அது போதும், தெரியாதவங்களுக்கு ரெண்டு பெரியவங்க நல்லா வாசிச்சாங்கனு மட்டும்தான் தோணும். அதனால பார்க்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் கதையையும் கொஞ்சம் படிச்சுட்டு உக்காருங்க, அதுக்கு உதவியா இருக்கட்டும்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

பக்கிட்டோ டிரிவேரா. சாக்ஸ், கிளாரினெட் ரெண்டும். ஹவானால 1948-ல பிறந்து, அப்பாகிட்டயே சாக்ஸ் கத்துக்கிட்டு, சின்னப் பையனா இருக்கும்போதே மேடை ஏறினவரு. சூச்சோவோட இராகெரேல இருந்தவரு, 1980-ல டூர் போன இடத்துல, ஸ்பெயின்ல, கியூபாவுக்குத் திரும்பாம நின்னுட்டாரு. பேபோ மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததுக்குக் காரணமே இவருதான், 1994-ல ஸ்டாக்ஹோமுக்கு ஃபோன் போட்டு வாங்க ரெக்கார்ட் பண்ணலாம்னு கூப்பிட்டாரு, அப்ப பேபோவுக்கு 76 வயசு. அந்த ஒரு ஃபோன் வரலேன்னா மேல சொன்ன சீனே கிடையாது.

எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சது டிட்டோ புவென்டே. நான் ஹால்ல போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப, சத்தம் ஜாஸ்தினு கதவ சாத்த வந்த எங்கம்மா கதவுகிட்டயே நின்னு முழுப் பாட்டையும் பார்த்தாங்க, இப்ப "அந்த வெள்ளை டிரெஸ் தாத்தா வாசிக்கிறதப் போடுடா"னு அவங்களே கேக்குறாங்க. 1923-ல நியூயார்க் ஹார்லம்ல போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துல பிறந்தவரு, இரண்டாம் உலகப்போர்ல நேவில இருந்தாரு, திரும்பி வந்து போர் வீரர்களுக்குக் குடுத்த படிப்புச் சலுகைல ஜூலியார்ட்ங்கிற மியூசிக் காலேஜ்ல போய் முறையா மியூசிக் படிச்சாரு. டிம்பாலேஸ்னு ஒரு ஜோடி மேளம், உலோக உடம்பு, ஸ்டாண்ட்ல நிக்கும், குச்சியால அடிக்கிறது, அதுவரைக்கும் பேண்டுக்குப் பின்னாடி ஒரு ஓரமா இருந்தத மேடைக்கு முன்னாடி கொண்டு வந்து நின்னுக்கிட்டே வாசிச்சு, தாளக்காரனும் தலைவனா இருக்கலாம்னு காட்டினவரு. 50-கள்ல பல்லேடியம் டான்ஸ் ஹால்ல கறுப்பு வெள்ளை லத்தீன்னு எல்லாரும் ஒண்ணா ஆடினது இவரு மாதிரி ஆளுங்களோட பேண்டுக்குத்தான். சண்டானா பாடி உலகம் பூரா ஓடின ஓயே கோமோ வா இவரு எழுதின பாட்டுதான், இத நெறைய பேருக்கு சொன்னா நம்ப மாட்டாங்க.

படத்துல இவரு நியூயார்க் சிட்டி ஐலண்ட்ல இருந்த தன்னோட ரெஸ்டாரண்ட்ல சுவர்ல வரைஞ்சிருக்கிற லத்தீன் மியூசிக் ஆளுங்க படத்தக் காட்டி இவரு யாரு அவரு யாருன்னு சொல்லிக்கிட்டே போவாரு, கோயில் பிரகாரத்துல அறுபத்து மூவர் முன்னாடி நிக்கிற மாதிரி ஒரு மரியாதை அந்தக் குரல்ல இருக்கு. அப்புறம் ஸ்டுடியோவுல எல்லாரும் வெள்ளை உடுப்புல, இவரு நடுவுல நாக்க நீட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு அடிக்கிறாரு. படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே அதே வருஷம் இறந்துட்டாரு. அந்தச் சிரிப்ப இவ்வளவு கிட்டத்துல யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு நெனைக்கும்போது நிம்மதியா இருக்கு.

இசையமைப்பாளர் சிக்கோ ஓஃபாரில் பகுதியப் பார்க்கும்போது அவரு வயசையும் உடம்பையும் பாருங்க, எழுந்து நின்னு கண்டக்ட் பண்றதே கஷ்டம்னு தெரியும். ஹவானால பிறந்து, அமெரிக்கால மிலிட்டரி ஸ்கூல்ல படிக்கப் போன இடத்துல ஜாஸ் பைத்தியம் பிடிச்சு, அப்பாவோட வக்கீல் கனவ எல்லாம் விட்டுட்டு வந்தவரு. படத்துல வாசிக்கிற ஆஃப்ரோ கியூபன் ஜாஸ் சூட் (சூட்னா பல பகுதியா நீளமா போற இசை), 1950-ல மச்சிட்டோ ஆர்கெஸ்ட்ராவோட ஜாஸ் சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர வாசிக்க வெச்சு ரெக்கார்ட் பண்ணினது. பிராஸ் செக்ஷன், அதாவது டிரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியங்க, மொத்தமா எழும்பும்போது சின்ன ஸ்பீக்கர்ல கேட்டா அது வீணாப் போகும். இப்படி ஒரு சூட் எழுதின மனுஷன் பிற்பாடு முப்பது வருஷம் கிட்ட தன் பேர்ல ஒரு ஆல்பம் போடாம மத்தவங்களுக்கு அரேஞ்ச்மெண்டும் விளம்பர மியூசிக்கும் எழுதிக்கிட்டு இருந்தாரு, 1995-லதான் மறுபடி தன் பேர்ல ஆல்பம் வந்துச்சு. 2001-ல போயிட்டாரு.

ஜெர்ரி கொன்சாலஸ் ஒரே ஆளு கொங்காவும் (கையால தட்டுற உயரமான மேளம்) அடிப்பாரு டிரம்பெட்டும் ஊதுவாரு, தம்பி ஆண்டி பாஸ், ஃபோர்ட் அப்பாச்சி பேண்ட். ஜாஸ் பியானிஸ்ட் தெலோனியஸ் மங்க் பாட்டுகள கியூபாவோட ரும்பா தாளத்துல வாசிச்சு ஒரு ஆல்பம் போட்டிருக்காங்க, இந்த டிவிடி பிடிச்சா அடுத்து அதத் தேடுங்க. இந்தப் படம் அவரு வாழ்க்கையையே மாத்திடுச்சு, 2000-ல மாட்ரிட் போனவரு அங்கயே தங்கிட்டாரு, ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோ ஆளுங்களோட வாசிச்சாரு, 2018-ல அங்கயேதான் தீ விபத்துல இறந்தாரு. மிஷேல் கமிலோ, டொமினிக்கன் ரிபப்ளிக் பியானிஸ்ட், மூணு பேர் ட்ரியோ, அந்த வேகத்துல மூணு பேரும் ஒண்ணா நிக்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம், டிரம்ஸ்ல ஒராசியோ எர்னாண்டஸ், க்ளாவேய இடது காலால பிடிச்சுக்கிட்டே கை ரெண்டையும் வேற வேலைக்கு விடுறதுல பேரு வாங்கின ஆளு. க்ளாவேனா இந்த மியூசிக்கோட முதுகெலும்பு, ரெண்டு பார்ல (பார்னா ஒரு தாளச் சுத்து) அஞ்சு அடி, மூணும் ரெண்டுமா இல்ல ரெண்டும் மூணுமா. ஒரு தடவ அது காதுல பிடிபட்டுடுச்சுன்னா படம் பூரா வேற மாதிரி கேக்கும், முதல் ரவுண்டுல கையத் தட்டிப் பார்த்துக்கிட்டே பாருங்க.

அர்ஜென்டினாவோட காட்டோ பார்பியேரி கறுப்புத் தொப்பியோட வர்றாரு, சாக்ஸ் அழுகையும் கத்தலுமா இருக்கும், எனக்கு நடுவுல கொஞ்சம் நீளமாத் தோணுச்சு. ஸ்பெயின்ல காடிஸ் ஊரு சானோ டொமிங்கஸ் பியானோவுல ஃபிளமெங்கோவக் கொண்டு வர்றது நல்லா இருக்கு, கைதட்டுறவங்களும் டான்ஸரும் சேரும்போது களை கட்டுது. பிரேசில் பியானிஸ்ட் எலியானி எலியாஸ் அருமையான வாசிப்பு, ஆனா படத்துல தனியா எடுத்துக் காட்டின ஒரே பொம்பள அவங்கதான், அது எனக்கு உறுத்துச்சு. பியானிஸ்ட் எட்டி பால்மியேரி இல்லாத லத்தீன் ஜாஸ் படமானும் கேப்பேன், டிரம்பெட் ஆர்டுரோ சாண்டோவலும் இல்ல. டைரக்டர் தனக்குப் பிடிச்சவங்களத்தான் கூப்பிட்டேன்னு வெளிப்படையா இருக்காரு, இருந்தாலும் பால்மியேரி இல்லாதது குறைதான். வரலாறும் பெருசா கிடையாது, மரியோ பௌசா 1943-ல இந்த மியூசிக்குக்குப் போட்ட அடித்தளம், 1947-ல ஜாஸ் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி கொங்காக்காரர் சானோ போஸோவ நியூயார்க் கார்னகி ஹால் மேடைல ஏத்தினது, இதெல்லாம் வேணும்னா வேற எங்கயாவதுதான் தேடணும்.

இன்னொரு சீன், பேபோவும் கியூபா பாஸ்காரர் காச்சாவோவும். பியானோவும் டபுள் பாஸும் மட்டும், லாக்ரிமாஸ் நெக்ராஸ். ரெண்டு பேருமே 1918-ல பிறந்தவங்க, எடுக்கும்போது எண்பதைத் தாண்டியாச்சு. காச்சாவோ சின்னப் பையனா ஹவானா ஃபில்ஹார்மோனிக்ல சேர்ந்தப்ப பாஸ் எட்டாம ஒரு பெட்டி மேல ஏறி நின்னு வாசிச்சாருன்னு சொல்லுவாங்க, 1938-ல அண்ணன் ஒரெஸ்டெஸ் எழுதி இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்ச மம்போங்கிற பாட்டுல இருந்துதான் மம்போங்கிற டான்ஸ் மியூசிக்குக்கு அந்தப் பேரே கிளம்புச்சு. இந்த சீன்ல ஒருத்தரும் அவசரப்படல, ஒரு நோட்டுகூட அதிகமா இல்ல. இதே பாட்டோட பேர்லதான் 2003-ல பேபோ ஃபிளமெங்கோ பாடகர் டியேகோ எல் சிகாலாவோட சேர்ந்து ஆல்பம் போட்டாரு, தயாரிச்சது இதே ட்ருவேபா, 84 வயசுல பேபோவ உலகம் பூரா கொண்டாடினாங்க. அப்பாவும் மகனும் சேர்ந்து அப்புறம் முழு ஆல்பமே பண்ணி 2010-ல கிராமியும் வாங்கினாங்க. காச்சாவோ இறந்தது 2008 மார்ச் 22, பேபோ இறந்தது 2013 மார்ச் 22. அதே தேதி.

வாங்கலாமானு கேட்டா, கண்டிப்பா வாங்குங்க, சவுண்டுக்காகவே வாங்கலாம், ஒவ்வொரு கொங்கா அடியும் தனித்தனியா கேக்குது. டிவி ஸ்பீக்கர்ல மட்டும் பார்க்காதீங்க, நல்ல ஹெட்ஃபோன் போதும். பேச்செல்லாம் பெரும்பாலும் ஸ்பானிஷ், அதனால வாங்கும்போது சப்டைட்டில் எந்த மொழில இருக்குனு விக்கிறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, எல்லா டிவிடியும் நம்ம ஊரு பிளேயர்ல ஓடாது, ரீஜன் கோடும் பார்த்துக்கோங்க. பாட்டு மட்டும் போதும்னா சவுண்ட்டிராக் சிடியும் இருக்கு, ஆனா லா கொம்பார்சா வாசிக்கும்போது சூச்சோ அப்பாவோட கையப் பார்க்குற பார்வை சிடில வராது.