பட்டை தீட்டாத குவாட்டர்பேக்கை 4ஆவது தேர்வில் எடுக்கலாமா? கோல்ட்ஸ் முன் இருந்த வழிகளும் பாஸ் கணக்கும்

2019 ஆகஸ்ட் 24 அன்று குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஆண்ட்ரூ லக் 29 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். அன்று தொடங்கிய அலைச்சல், அவர் ஆடிய அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணியான இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு. அந்த ஆண்டு ஜகோபி பிரிஸெட், 2020இல் பிலிப் ரிவர்ஸ், 2021இல் கார்சன் வென்ட்ஸ், 2022இல் மேட் ரயன் என்று சீசனுக்கு ஒரு குவாட்டர்பேக். கடைசியில் 4 வெற்றி, 12 தோல்வி, ஒரு டிரா. அந்தத் தோல்விகளின் பலனாக 2023 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு; பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை) 4ஆவது தேர்வு கிடைத்தது. பிலடெல்பியாவில் ஜேலன் ஹர்ட்ஸை வளர்த்தெடுத்த ஷேன் ஸ்டைகன் புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்திருந்தார். எதிரே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆன்தனி ரிச்சர்ட்சன்.

6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு. 40 யார்டு ஓட்டம் 4.43 விநாடி. நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குல உயரத் தாவல். தேர்வு முகாமில் எந்தக் குவாட்டர்பேக்கும் அதுவரை அவ்வளவு தாவியதில்லை. மறுபக்கம், கல்லூரியில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் 13 மட்டுமே. 2022இல் எறிந்த பாஸ்களில் 53.8 சதவீதம்தான் சக வீரர் கையில் சேர்ந்தது. 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார், ஆனால் லைனும் லெங்தும் இல்லை என்று கிரிக்கெட்டில் சொல்வோமே, அதுதான் நிலை.

அன்று கோல்ட்ஸுக்கு நான்கு வழிகள் இருந்தன. முதல் வழி, ரிச்சர்ட்சனையே எடுப்பது. இரண்டாவது, விலை கொடுத்து முன்னேறி, தேர்ந்த கையான சி.ஜே. ஸ்ட்ரௌடையோ பிரைஸ் யங்கையோ எடுப்பது. மூன்றாவது, பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சனுக்கு ஒப்பந்தம் நீட்டுவது. நான்காவது, இன்னொரு அனுபவசாலியை வைத்து ஓராண்டை ஓட்டுவது.

நான்காவது வழியைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். வென்ட்ஸுக்காகக் கொடுத்த தேர்வுகளில் ஒன்று, அவர் ஆடிய ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவது) கணக்கால் முதல் சுற்றுத் தேர்வாகவே மாறிப்போனது. ரயனுக்கு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு போனது. கண்ட பலன் ஒன்றுமில்லை.

ஜாக்சன் விஷயம் அப்படியல்ல. 2023 மார்ச்சில் ரேவன்ஸ் அவர்மேல் போட்ட ஃபிராஞ்சைஸ் முத்திரை (ஒப்பந்தம் முடிந்த வீரரை ஓராண்டு தக்கவைக்கும் உரிமை), மற்ற அணிகள் பேசுவதற்கு இடம்விட்ட வகை. எந்த அணியும் ஒப்பந்தம் நீட்டலாம். ரேவன்ஸ் 5 நாளுக்குள் அதே தொகையைத் தந்து அவரைத் தக்கவைக்கலாம். விட்டுவிட்டால் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் அவர்களுக்கு. அதாவது 4ஆவது தேர்வும் அடுத்த ஆண்டின் முதல் தேர்வும் சேர்ந்து, ஏற்கெனவே எம்விபி (மிகச் சிறந்த வீரர்) விருது வாங்கிய 26 வயதுக்காரருக்கு விலை. ரேவன்ஸ் ஈடுகட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் கோல்ட்ஸுக்கு ஐந்து நாளைத் தவிர நட்டமில்லை. கேட்காமல் விட்டது தவறு என்பதே என் கருத்து. டிராஃப்டின் முதல் சுற்று நடந்த ஏப்ரல் 27 அன்றே, ரேவன்ஸுடன் 5 ஆண்டு, 260 மில்லியன் டாலர் என்று ஜாக்சனின் ஒப்பந்தச் செய்தி வந்தது.

இரண்டாவது வழிக்கு விலை தெரியும். 9ஆவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏற கரோலைனா பாந்தர்ஸ் கொடுத்தவை: 9ஆவது, 61ஆவது தேர்வுகள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, அதற்கு மேல் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர். இவ்வளவும் கொடுத்து எடுத்த யங் 2024இல் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு உட்கார வைக்கப்பட்டார். பாந்தர்ஸ் கொடுத்த 2024 தேர்வோ அந்த ஆண்டின் முதலாவது தேர்வாகவே முடிந்தது. 2ஆவது இடத்தில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் எடுத்த ஸ்ட்ரௌட் முதல் சீசனிலேயே 4,108 யார்டு, 23 டச்டவுன் (கோல் கோட்டைக் கடந்த ஸ்கோர்), 5 இண்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). டெக்ஸன்ஸ் கோல்ட்ஸின் அதே பிரிவில் ஆடும் அணி. அவர்களிடமிருந்து 2ஆவது தேர்வை வாங்க முடியுமென்று நினைப்பதே வீண். தேர்ந்த கை என்பதும் உத்தரவாதம் அல்ல. 2018இல் அரிசோனா 10ஆவதாக எடுத்த ஜாஷ் ரோஸனை அந்த ஆண்டின் மிகத் தயாரான குவாட்டர்பேக் என்றார்கள். அக்டோபரிலேயே தாக்குதல் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் போனார், அடுத்த ஏப்ரலில் ரோஸனே மயாமிக்கு விற்கப்பட்டார்.

ஆக, மிஞ்சியது ரிச்சர்ட்சன். அவரையே கோல்ட்ஸ் எடுத்தது. பட்டை தீட்டாதவர் என்ற ஒரே சொல்லை வைத்து எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. கல்லூரியில் ஒவ்வொருவரும் எறிந்த பாஸ்களை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

டிரே லான்ஸ் – 318
ஆன்தனி ரிச்சர்ட்சன் – 393
ஜாஷ் ஆலன் – 649
சி.ஜே. ஸ்ட்ரௌட் – 830
ஜோர்டன் லவ் – 1,125
பாட்ரிக் மஹோம்ஸ் – 1,349

மஹோம்ஸையும் 2017இல் பட்டை தீட்டாதவர் என்றுதான் சொன்னார்கள். அவரிடம் இருந்தது கெட்ட பழக்கம். ஆட்டம் குறைவாகப் பார்த்த குறை அல்ல. அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஓராண்டு உட்கார்ந்து, சீசனின் கடைசி ஆட்டத்தை மட்டும் தொடங்கி, அடுத்த ஆண்டே 50 டச்டவுன் எறிந்தார். லவ் கிரீன் பேயில் ஆரன் ராஜர்ஸுக்குப் பின்னால் மூன்று ஆண்டு இருந்தார். நிறைய எறிந்துவிட்டு வருபவருக்கு உட்கார்வது பயன்படும், ஏனென்றால் அவருக்கு வேண்டியது திருத்தம். குறைவாக எறிந்தவருக்கு வேண்டியது பாஸ்.

அந்தப் பாஸ் எங்கே கிடைக்கும் என்பதுதான் சிக்கல். 2011 தொழிலாளர் ஒப்பந்தம், கவசம் அணிந்து மோதும் பயிற்சிகளைச் சீசன் முழுவதற்கும் 14 ஆகக் குறைத்தது. வார நாள் பயிற்சியில் முதல் வரிசை ரெப்ஸ் (பயிற்சி வாய்ப்புகள்) கிட்டத்தட்ட எல்லாம் தொடங்கும் குவாட்டர்பேக்குக்கே. இரண்டாமவர் அட்டையைப் பார்த்து எதிரணியின் ஆட்டங்களை ஆடிக்காட்டி, தங்கள் தடுப்பணியைத் தயார்செய்வார். சொந்த அணியின் ஆட்டத்தைக் கற்பதில்லை. ஒருகாலத்தில் வசந்த காலத்தில் என்எஃப்எல் யூரோப் என்ற லீக் இருந்தது. குவாட்டர்பேக் கர்ட் வார்னர் 1998இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடிவிட்டு வந்தவர். அதை 2007இல் மூடிவிட்டார்கள். இன்று இளையவரை அனுப்பிப் பழக்க ஒரு கீழ்நிலை லீக் கூட இல்லை.

பிழை எப்படி நடக்கிறது என்று பார்த்தால், ஏன் இவ்வளவு பாஸ் தேவை என்பது விளங்கும். முன்கால் அளவுக்கு மீறி நீண்டு விழுந்தால் உடல் பின்னால் தங்கிவிடும். பந்து ரிசீவரின் தலைக்கு மேல் போகும். ஐந்து யார்டு பாஸையும் முழுப் பலத்தோடு எறிந்தால் அது கையில் பட்டுத் தெறிக்கும். கோடையில் ஆளில்லாத மைதானத்தில் இவற்றைத் திருத்திவிடலாம். இரண்டரை விநாடியில் 260 பவுண்டு ஆள் மேலே பாயும்போது பழைய கால்வைப்பே திரும்பி வரும். இதற்கு மேல் கண்ணுக்கான வேலை வேறு: ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகள் (தடுப்பணியின் கடைசி வரிசையினர்) ஆழத்தில் நிற்பதாகக் காட்டி, ஸ்னாப் ஆனதும் ஒருவர் கீழிறங்குவார். பின்வாங்கும் மூன்றாவது அடிக்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். இது படம் பார்த்து வருவதில்லை.

ஆலனைப் பாருங்கள். 2018இல் பஃபலோ பில்ஸில் 320 பாஸ், 52.8 சதவீதம். 2019இல் 461 பாஸ், 58.8. 2020இல் 69.2 சதவீதமும் 37 டச்டவுனும். கல்லூரியையும் சேர்த்தால் அந்தப் பாய்ச்சலுக்கு முன் அவர் எறிந்தவை 1,430. மஹோம்ஸ் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த எண்ணிக்கையை ஒட்டியே இருக்கிறது. அந்த மூன்று ஆண்டும் தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபோல் மாறவில்லை. 2019இல் சென்டர் (ஸ்னாப் தருபவர்) மிட்ச் மோர்ஸ், ரிசீவர்கள் ஜான் பிரௌன், கோல் பீஸ்லி வந்தார்கள். 2020இல் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். ஆலனைக் காட்டி ரிச்சர்ட்சனுக்கு வாதாடியவர்கள் இந்தச் செலவைச் சேர்த்துச் சொன்னதில்லை.

ரிச்சர்ட்சன் கதை நேர் எதிர். ஆள் எறியத் தடுமாறும்போது ஸ்கோர் செய்ய அணி அவர் கால்களை நம்பும். ஓட்டம் முதல் டவுன் (பத்து யார்டு முன்னேறிப் பெறும் புது வாய்ப்புகள்) தரும், டச்டவுனும் தரும். அதே ஓட்டம்தான் அவரைக் களத்திலிருந்து வெளியேற்றி, எறியக் கிடைத்த வாய்ப்பையும் பறிக்கும். 2023இல் இரண்டாவது வாரம் டச்டவுனுக்கு ஓடும்போது தலையில் அடி. ஐந்தாவது வாரம் டென்னசிக்கு எதிராக, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜோனதன் டெய்லர் முதன்முறையாகத் திரும்பிவந்த ஆட்டத்தில், ஓடும்போது தோள்மூட்டு போனது. அறுவை சிகிச்சையோடு சீசன் முடிந்தது. மொத்தம் 84 பாஸ். 2024இல் 264 பாஸ், 47.7 சதவீதம், 8 டச்டவுன், 12 இண்டர்செப்ஷன். இரண்டு ஆண்டிலும் சேர்த்து 348. முழுநேரக் குவாட்டர்பேக் ஒரே சீசனில் 500 எறிவார். லான்ஸுக்கும் இதுவே. அவருக்காக சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. 2022இன் இரண்டாவது வாரம், நடுவழியே திட்டமிட்டு ஓடவிட்ட ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. அந்த அணிக்காக அவர் எறிந்தது 102 பாஸ்தான்.

2025 ஆகஸ்ட்டில் கோல்ட்ஸ், ஓராண்டுக்கு 14 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்த குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸைத் தொடக்க ஆட்டக்காரராக அறிவித்தது. அவருடன் முதல் 10 ஆட்டங்களில் 8 வெற்றி. டிசம்பரில் குதிகால் தசைநாண் அறுந்து அவரும் போனார். ஸ்டைகன் இந்த மூன்று ஆண்டும் மாறவில்லை என்பதால் பயிற்சியாளர் மாற்றத்தைக் காரணம் சொல்ல வழியில்லை.

ஆகவே என் தீர்ப்பு: 400 பாஸுக்குக் கீழே எறிந்தவரை முதல் ஐந்து தேர்வுகளில் எடுக்கக் கூடாது. 20க்குப் பிறகென்றால் பேசலாம். பண நட்டம் பெரிதல்ல. 2010இல் முதலாவது தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் முதல் ஒப்பந்தத்தில் 50 மில்லியன் டாலர் உறுதி செய்யப்பட்டிருந்தது; 2011இன் புதிய ஊதிய வரம்பால் அந்த ஆண்டின் முதலாவது தேர்வான கேம் நியூட்டனின் மொத்த ஒப்பந்தமே 22 மில்லியன். இன்று போவது நான்கு ஆண்டுக் காலமும், அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய இன்னொரு வீரரும்.

அப்படியும் எடுத்தே தீருவோம் என்றால், எடுத்த அன்றே சில முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் சீசனை முழுதாக ஆடித்தர ஓர் அனுபவசாலி; தடியால் அடித்துப் பழம் கனிவதில்லை. ஆகஸ்டின் மூன்று முன்னோட்ட ஆட்டங்களில் நான்கு கால்பகுதியும் இளையவருக்கு. வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சி முடிந்தபின் நிஜ ரிசீவர்களோடு சொந்த ஆட்டப் புத்தகத்திலிருந்து 40 பாஸ். இரண்டாவது சீசனில் அவரைத் தொடங்கவிட்டால், 0–6 ஆனாலும் உட்கார வைக்காமல் 17 ஆட்டமும். திட்டமிட்ட ஓட்டம் ஓர் ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், கோல் கோட்டருகே ஒன்றுகூட வேண்டாம். அங்கே ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.