டீகோட் செய்ய வேண்டியது பிளேயரா, ரிசீவரா? டர்பன் வீட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், ப்ளூ-ரே வட்டின் சரவுண்ட் ஒலியைப் பிளேயரிலேயே டீகோட் செய்து (சுருக்கப்பட்ட ஒலியை விரித்து), பல சேனல் பிசிஎம்மாக (விரித்த டிஜிட்டல் ஒலியாக) ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு அனுப்பியும், பிட்ஸ்ட்ரீமாக (விரிக்காமல் வட்டில் உள்ளபடி) அப்படியே அனுப்பி ரிசீவரில் டீகோட் செய்தும் பல ஆண்டுகளாகப் படம் பார்த்து வருகிறோம். எது சிறந்தது என்று உறவினர்களும் நண்பர்களும் தொடர்ந்து கேட்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் ரிசீவர் எச்டிஎம்ஐ வழியாகப் பல சேனல் பிசிஎம்மை ஏற்கும். ஆனால் தரம் குறையாமல் சுருக்கப்பட்ட, அதாவது இழப்பற்ற, ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டியையோ டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவையோ டீகோட் செய்யாது. பிளேயர் அந்த வேலையைச் செய்ததால்தான் இழப்பற்ற ஒலி எங்களுக்குக் கிடைத்தது. ஆப்டிகல் கேபிளில் இது நடக்காது. இரண்டு சேனல் பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலிதான் அதில் செல்லும். பழைய ரிசீவரை மாற்ற எண்ணுபவர்கள், அதற்கு முன் பிளேயரின் ஒலி அமைப்பைப் பிசிஎம்முக்கு மாற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

புதிய ரிசீவர் வந்தபின் இரண்டு முறைகளையும் ஒப்பிட முடிந்தது. இழப்பற்ற தடத்தை எந்தக் கருவி விரித்தாலும் வெளிவருவது அதே பிசிஎம்தான் என்பதால், ஒலி அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) தடங்களில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. எங்களிடம் உள்ள தமிழ்ப்பட வட்டுகளில் பெரும்பாலானவை அந்த வகையே. வேறுபாடு கேட்டதாகச் சொல்பவர்கள் முதலில் அமைப்புகளைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிளேயரில் டைனமிக் ரேஞ்ச் சுருக்கம் (பெரிய, சிறிய ஓசைகளின் இடைவெளியைக் குறைக்கும் அமைப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் பெரிய ஓசைகள் அடங்கிப்போகும். ஸ்பீக்கர் அளவைப் பிளேயரிலும் ரிசீவரிலும் 'சிறியது' (தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பும் அமைப்பு) என்று வைத்தால், தாழ்ந்த ஒலி இருமுறை வடிகட்டப்பட்டுச் சப்வூஃபருக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் இடையே ஒரு பள்ளம் விழும்.

2014இல் வீட்டுக் கருவிகளுக்கு வந்த டால்பி அட்மாஸ்தான் எங்கள் வழக்கத்தை மாற்றியது. ஒவ்வோர் ஒலியும் எந்தத் திசையில், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற குறிப்பு அந்தத் தடத்தோடு சேர்ந்தே வருகிறது. பிளேயர் டீகோட் செய்தால் அந்தக் குறிப்பு நீங்கி, அடிப்படையான 7.1 சேனல்கள் மட்டும் மிஞ்சும். கூரையில் ஸ்பீக்கர் பொருத்திய பிறகு நாங்கள் பிட்ஸ்ட்ரீமைத்தான் பயன்படுத்துகிறோம். இரவில் அம்மா உறங்கும்போது வசனம் தெளிவாகவும் வெடிச்சத்தம் தணிவாகவும் கேட்க உதவும் டால்பியின் இரவு அமைப்பும் எங்கள் ரிசீவரில் பிட்ஸ்ட்ரீமுக்கு மட்டுமே இயங்குகிறது.

இந்த நாட்டு மின்வெட்டு சார்ந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் சுழற்சி முறை மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது, ரிசீவர் விழிக்குமுன் பிளேயர் தொலைக்காட்சியின் ஒலித் திறனைப் படித்துக்கொண்டு, வெறும் இரண்டு சேனல் ஒலியை அனுப்பிவிடும். ரிசீவரை முதலில் இயக்கி, அதன்பின் பிளேயரை இயக்கினால் இந்தச் சிக்கல் எழாது.

பிட்ஸ்ட்ரீமுக்கு மாறுபவர்கள் பிளேயரில் 'செகண்டரி ஆடியோ' அமைப்பை அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால், மெனு ஒலியையும் படத்தின் மேல் சிறு சட்டகத்தில் ஓடும் விளக்கக் காட்சியின் ஒலியையும் கலப்பதற்காகப் பல பிளேயர்கள் முழுத் தடத்தையும் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ மறுபடி சுருக்கிவிடும். அட்மாஸ் வட்டைப் போட்டும் ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.