பழைய ஃபிலிம் டிரம் மெஷின் வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

ஃபிலிம் கழுவ ரோட்டரி டிரம் மெஷின் பழசாகத் தேடுகிற நெல்லைப் பக்கத்து ஆட்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்து 18,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வயிறு எரிந்து எழுதுகிறேன்.

விற்றவர் டிரம் சுத்துகிற வீடியோ அனுப்பிவிட்டு, "ரெண்டு பக்கமும் சுத்தும் அண்ணாச்சி, ஒரு கோடு விழாது, நானும் பாளையங்கோட்டைக்காரந்தான், உங்களைப் போயி ஏமாத்துவேனா" என்றார். ஊர்ப் பேரைச் சொல்கிறாரே என்று அந்த இடத்தில்தான் நம்பிப் பணத்தைப் போட்டேன்.

வந்த மெஷின் ஒரே பக்கம்தான் சுத்துகிறது. இந்த டிரம்மில் கெமிக்கல் நிரம்பி நிற்காது, அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், ஃபிலிம் சுத்திச் சுத்தி அதில் நனைந்து வரணும், சில நொடிக்கு ஒரு தரம் திசை மாறினால்தான் டெவலப்பர் (ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கிற கெமிக்கல்) எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படும். போதாததுக்கு உருளை ஒன்று தேய்ந்து டிரம் சாய்ந்தே கிடக்கிறது, ஒரு ஓரத்துக்கு டெவலப்பர் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. கலர் நெகட்டிவுக்கு 38 டிகிரியில் டெவலப்பர் நேரமே 3 நிமிடம் 15 விநாடிதான், அதற்குள் எதைச் சரிக்கட்ட முடியும்?

ஆனித் தேரோட்டம் எடுத்த ரோல் போச்சு. படுக்கை ஃப்ரேம் எல்லாவற்றிலும் நெல்லையப்பர் தேருக்கு மேலே வானத்தில் இருட்டுப் பட்டை. கேமராவை நிறுத்திப் பிடித்து எடுத்ததில் அதே பட்டை பக்கவாட்டில், வடம் பிடிக்கிறவர்கள் முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.

போன் போட்டால், "தாமிரபரணித் தண்ணியில உப்பு ஜாஸ்தி" என்கிறார். இந்த ஊரில் பிறந்துவிட்டு அந்த ஆற்றைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ! தண்ணீர் கோளாறு என்றால் ஃபிலிம் முழுக்கத் தெரியும், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே ஓரத்தைப் பார்த்தா பிடிக்கும்? அப்புறம் "உங்க கெமிக்கல் பழசு சார்", அதுக்கும் அப்புறம் "பார்சல்ல அடிபட்டிருக்கும் சார்". இப்போது நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார். ஆப்காரர்களிடம் கேட்டால் நேரடியாகக் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரிப் பதில். 18,500 ரூபாய்ங்க, சும்மா வந்த காசில்லை.

வாங்குகிறவர்கள் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, திசை மாறுவது தெரிகிற மாதிரி முழு வீடியோ கேளுங்கள். ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். முன்பணம் வேண்டவே வேண்டாம். ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள், நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.