மூடிய காரில் எந்த பார் தாங்கும்? செட்டிநாட்டு வெயிலுக்கு ஒரு மதிப்பீடு

சாக்லேட் பூச்சு போட்ட எனர்ஜி பாரை அவசரத்துக்கென்று காரில் போட்டு வைப்பது வீண் செலவு. மாசியில் வாங்கி வைத்தால் பங்குனிக்குள் உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் விரலெல்லாம் களிம்பாகும். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கடைகளில் இன்று கிடைக்கும் பார் வகைகளையும் நம்மூர்ப் பலகாரங்களையும் இங்கே ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்திருக்கிறோம்: மூடிய காரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும், கடையே இல்லாத பொட்டல் ரோட்டில் வண்டி நின்றுபோன அன்றைக்கு வாயில் வைக்கும்படி இருக்க வேண்டும். ருசிக்கு இரண்டாம் இடம்தான்.

முதலில் சூடு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் அரிசோனாவில், நம் சித்திரை வெயிலுக்குக் குறையாத கோடையில், நிறுத்திய கார்களை அளந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் உள்காற்று சராசரி 47 டிகிரி செல்சியஸ், சீட் 51, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற காரிலேயே டேஷ்போர்டு 48, சீட் 41. இந்தச் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைப்பதால் பெரிய லாபமில்லை. பிள்ளையார்பட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு, தரிசனம் முடித்து, அப்படியே குன்றக்குடிக்கும் போய்வந்தால், உள்ளே இருக்கும் பார் ஒரே நாளில் இரண்டு தடவை வெந்து ஆறியிருக்கும்.

கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி வாக்கில். அதற்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெயில் செய்த பூச்சு சில டிகிரி கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஆறியபின் மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது பூசணம் இல்லை. உருகிய கொழுப்பு மறுபடி உறைந்து மேலே வந்தது. தின்னலாம், ஆனால் வாய்க்குப் பிடிக்காது.

புரோட்டீன் பாருக்கு வேறு கோளாறு. பூச்சே இல்லாவிட்டாலும், உள்ளே உள்ள பால் புரதமும் சர்க்கரைப் பாகும் சூட்டில் வினைபுரிந்து நிறம் கறுத்து, ஈரத்தைப் புரதம் இழுத்துக்கொண்டு, ரப்பர் மாதிரி ஆகிவிடும். உறையில் இன்னும் நாலு மாதம் பாக்கி என்று தேதி இருக்கும், பல் இறங்காது. அந்தத் தேதி குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் என்ற கணக்கில் போட்டது. பத்து டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரியில் ஆறு மாதம் தாங்குவது 45 டிகிரியில் ஒன்றரை மாதம்தான் தாங்கும். பார் ஒன்றின் விலையையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் காருக்கு இது தோதான சரக்கு இல்லை.

பேரீச்சம்பழமும் பருப்பும் மட்டும் சேர்த்து அழுத்திய பார், கடையில் வாங்குகிறவற்றில் தேறும். தனியாக எண்ணெய் சேர்ப்பதில்லை, பழச்சர்க்கரையே கட்டிப்பிடிக்கிறது. சூட்டில் இளகும், ஆனால் ஒழுகாது. முந்திரி, பாதாம் அதிகமாக இருந்தால் மட்டும் சிக்கு வாடை சீக்கிரம் வரும். உறையின் பின்பக்கம் பார்க்கும்போது, முதல் மூன்று பொருளுக்குள் பாமாயில், தாவர எண்ணெய் என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஓட்ஸ் பார் பெரும்பாலும் அங்கேயே தோற்றுவிடும்.

இனி நம் சரக்கு. செட்டிநாட்டுப் பலகாரக் கடையில் கண்ணில் படுவதெல்லாம் காருக்கு ஆகாது. மாவுருண்டையில் பயறு மாவைப் பிடித்து வைத்திருப்பது நெய். நெய் இளகினால் டப்பாவில் மாவு தனி, நெய் தனி. தேன்குழலும் சீப்புச் சீடையும் எண்ணெயில் பொரித்தவை. சீடையில் தேங்காய்ப்பாலும் சேர்வதால் அது இன்னும் மோசம். வீட்டுத் தகரத்தில் மூன்று வாரம் மொறுமொறுவென்று இருக்கும் தேன்குழல் காரில் பத்து நாளிலேயே மூக்குக்குப் பிடிக்காத வாசனைக்கு வந்துவிடும். அதிரசத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கடலை மிட்டாய் நல்ல தேர்வு, கண்ணை மூடிக்கொண்டு வாங்காதவரை. (கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, இங்கேயும் தாராளமாகக் கிடைக்கிறது.) 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கும், அதாவது எடைக்கு எடை எந்த எனர்ஜி பாருக்கும் சளைத்ததில்லை. பார்க்க வேண்டியது பாகு. ஒடித்தால் 'டக்'கென்று ஓசையோடு முறிய வேண்டும். வளைந்து இழுத்தால் பாகு பதத்துக்கு வரவில்லை, ஈரம் மிச்சமிருக்கிறது, காரில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கடலை அரைப் பருப்பாக முழுசாகத் தெரிவதை எடுங்கள். பொடித்துப் போட்டதில் காற்றுப்படும் பரப்பு அதிகம், எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். கடலையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தான் என்பதால் கோடையில் ஆறு வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

எள்ளுருண்டை இதைவிட ஒரு படி மேல். எள்ளிலும் எண்ணெய் பாதி உண்டு, ஆனால் கெடாமல் காக்கும் பொருளும் அந்த எண்ணெயிலேயே இருக்கிறது. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்பட நிற்பது அதனால்தான்.

இருந்தாலும் முதலிடம் பொரிவிளங்காய் உருண்டைக்கு. புழுங்கல் அரிசியிலும் பாசிப்பருப்பிலும் கொழுப்பு மிகக் குறைவு, எண்ணெயோ நெய்யோ சேர்ப்பதில்லை. சிக்குப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கடையில் அபூர்வம், வீட்டிலேயே செய்வது மேல். புழுங்கல் அரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100, பொட்டுக்கடலை 50. அரிசி பொரியும் வரை, பருப்பு சிவக்கும் வரை, தனித்தனியாக வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் சேர்த்துக் கொஞ்சம் கரகரப்பாகத் திரியுங்கள். சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலு. வெல்லம் 250 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பாகு காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் கல் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் ஐப்பசி மழை ஈரத்தில் உருண்டை கசியும். மாவில் பாகைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடியுங்கள், ஆறினால் பிடிபடாது. வழக்கமாகப் போடும் தேங்காய்ப் பல்லை மட்டும் காருக்குச் செய்யும்போது விட்டுவிடுங்கள். சிக்கு வாடை அதிலிருந்துதான் வரும்.

குறை உண்டு. பல்செட் போட்டவர்களும் சின்னப் பிள்ளைகளும் இதைக் கடிக்க முடியாது. எலுமிச்சை அளவுக்குப் பிடிக்காமல் நெல்லிக்காய் அளவுக்குப் பிடித்தால் வாயில் ஒதுக்கிச் சப்பலாம். வீட்டில் ஆச்சியோ ஐயாவோ வண்டியில் வருவார்கள் என்றால் பேரீச்சம்பழ பாரும் ரெண்டு சேர்த்து வையுங்கள்.

கப்பல்களின் உயிர்காப்புப் படகில் வைக்கும் ரேஷன் கட்டிகளைச் சிலர் இணையத்தில் தேடுகிறார்கள். படகில் ஆள் ஒருவருக்கு 10,000 கிலோஜூலுக்குக் குறையாமல், அதாவது ஏறக்குறைய 2,400 கலோரி, உணவு இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தக் கட்டிகள் சூட்டைத் தாங்கும், வருடக்கணக்கில் கெடாது. நமக்குத் தேவையில்லை, இங்கே உதவி வர நாள் ஆகாது, சில மணி நேரம்தான். ஆளுக்கு 400 கலோரி போதும்: கடலை மிட்டாய் என்றால் 80 கிராம், நாலு பேருக்கு 320.

டேஷ்போர்டு, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு, சீட் மேல் என்று எங்கும் வைக்காதீர்கள். டிக்கி தனியாக உள்ள கார் என்றால் டிக்கியின் அடிப்பக்கம். அப்படி இல்லாத சின்னக் காரில் முன் சீட்டுக்கு அடியில், தரையோடு. ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள எவர்சில்வர் டப்பாதான் சரி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய எனாமல் தூக்கு அழகாகக் கிடைக்கும், மூடி இறுகாது, இதற்கு உதவாது. இறுகாத மூடியில் எறும்பு மட்டுமா வரும்? வாசனைக்கு எலி வந்தால் தின்பண்டத்தோடு நிற்காது, வயரையும் கடிக்கும். டப்பாவைப் பழைய துண்டில் சுற்றி தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் உச்சி வெயிலின் சூடு உள்ளே இறங்க நேரமாகும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தண்ணீர் இல்லாமல் இவற்றில் எதுவும் தொண்டையில் இறங்காது. ஆளுக்கு ஒரு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில், வாரம் ஒருமுறை மாற்றி.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வண்டியில் இருந்தால் மேலே சொன்ன எதையும் நம்ப வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கும்போது கொழுப்புள்ள பார் மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஈரம் படாத உறையில் குளுக்கோஸ் பொடி கார் சூட்டைத் தாங்கும். இன்சுலின் தாங்காது, அதை இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

டப்பா மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, வைத்த தேதியை எழுதுங்கள். பங்குனி முதல் ஆனி வரை ஆறு வாரத்துக்கு ஒரு தரம், மற்ற மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். எடுத்ததில் சிக்கு வாடை இல்லையென்றால் வீட்டிலேயே தின்று தீர்த்துவிடலாம்.