ரெஃப்ரியின் குரல் காதுக்குள்: மைதான ரேடியோ வாங்கலாமா?

லண்டன் ட்விக்கன்ஹாமில் சர்வதேச ரக்பி பார்க்கப் போகிறவர்கள் வாசல் பக்கம் ஒரு குட்டி ரேடியோ விற்பதைப் பார்த்திருக்கலாம். (2024-லிருந்து அந்த மைதானத்துக்கு அலையன்ஸ் ஸ்டேடியம் என்று பெயர், நான் பழைய பெயரிலேயே சொல்லிவிடுகிறேன்.) காதில் மாட்டிக்கொண்டால் ரெஃப்ரியின் மைக்கில் போவதெல்லாம் நமக்கும் வரும். வீரர்களிடம் பேசுவது, கோட்டோரம் நிற்கும் டச் ஜட்ஜ் சொல்வது, மேலே ரீப்ளே பார்க்கும் டிஎம்ஓவுடன் நடக்கும் விவாதம், எல்லாம். ஒரு பியர், ஒரு பர்கர் செலவுக்குள் வந்துவிடும். தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் ரெஃப்ரிதான் காரணம் என்று நம்புகிற ஒரு நண்பர் எனக்கு உண்டு, கண்டியில் பள்ளிக்கூட ரக்பி ஆடியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை வாங்கினேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் கொக்கி, ஒரு காதுக்கு மட்டும் ஒலி, சத்தம் கூட்டக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். ப்ளூடூத் கிடையாது, மைதானத்தை விட்டு வெளியே வந்தால் வெறும் இரைச்சல்தான். மேல் அடுக்கின் மூலையில் சீட் கிடைத்தால் கரகரப்பு கூடும். தேசிய கீதம் முடிந்து கூட்டம் பாட ஆரம்பித்துவிட்டால், கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுகிற கதைதான். நான் வாங்கியதன் கொக்கி இரண்டாவது பாதியில் உடைந்தது, மிச்ச ஆட்டம் முழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே கேட்டேன். தயாரிப்புக்கு ஐந்துக்கு இரண்டு, அதற்கு மேல் தர மனசு வரவில்லை.

ஆனால் கேட்கக் கிடைப்பது வேறு தரம். ரெஃப்ரி என்றால் விசில் ஊதுகிறவர் என்று நினைத்திருப்போம், அவர் வேலையில் பெரும்பகுதி விசில் ஊதாமல் இருப்பதற்கான பேச்சு. "ஏழு, கையை எடு", "உருண்டு வெளியே போ", "பின்னால் நில்லுங்கள், பின்னால்!", ஒவ்வொரு ரக்கிலும் (கீழே விழுந்தவரின் பந்துக்காக இரு அணியும் மோதுகிற இடம்) இதே கத்தல். பத்துத் தடவை காப்பாற்றிவிட்டுப் பதினோராவது தடவை பெனால்டி கொடுப்பார், சீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பதினோராவதுதான் தெரியும். அந்த ஏழாம் நம்பருக்காக நண்பர் எழுந்து நின்று கத்தும்போது, அவனிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்திருக்கும். இதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

2022 செப்டம்பரில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய பிளெடிஸ்லோ கோப்பை ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலியா 37-34 என்று முன்னிலை, கடைசி நிமிடங்கள், தங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. பெர்னார்ட் ஃபோலி உதைத்து வெளியே தள்ளினால் அநேகமாக வெற்றி. அவர் இழுத்தடித்தார். பிரெஞ்சு ரெஃப்ரி மத்தியூ ரேனால் பெனால்டியைப் பறித்து நியூசிலாந்துக்கு ஸ்க்ரம் (இரு அணியும் கோர்த்து நின்று தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கொடுத்தார், அவர்களின் ஜோர்டி பாரெட் ட்ரை போட்டார் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), நியூசிலாந்துக்கு 39-37. அந்த அளவு ஆட்டத்தில் நேரத்தைக் கடத்தியதற்காக இப்படி ஒரு தண்டனையை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஆஸ்திரேலியா கொதித்தது. டிவியில் மைக் ஒலியைத் திரும்பக் கேட்டவர்களுக்கு வேறு சங்கதியும் தெரிந்தது: ரேனால் கடிகாரத்தை நிறுத்தி, விளையாடச் சொல்லி, எச்சரித்து, மறுபடி ஓடவிட்ட பிறகுதான் ஊதினார். கூட்டத்தின் சத்தத்தில் காதில் விழவில்லை என்றது ஆஸ்திரேலியத் தரப்பு, அதுவும் நம்பக்கூடியதுதான். முடிவு கடுமையானது என்று இன்னமும் சொல்லலாம், நானும் சொல்வேன். முன்னறிவிப்பே இல்லாமல் கொடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியாது.

இந்த ரேடியோ ரெஃப்ரிக்கு வக்கீல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் எடின்பரோவில் ஸ்காட்லாந்து பிரான்ஸிடம் 16-20 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசி நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் கோட்டுக்கு மேல் விழுகிறார், பந்து ஒரு காலின் மேல் இருக்கிறது, அப்புறம் தரைக்கு இறங்குகிற மாதிரி தெரிகிறது. களத்தில் ரெஃப்ரி நிக் பெர்ரி ட்ரை இல்லை என்று சொல்லிவிட்டார், ஆகவே அதை மாற்றத் தெளிவான ஆதாரம் வேண்டும். ரீப்ளே ஓடும்போது பந்து தரைக்கு இறங்குவதாக டிஎம்ஓ சொல்வது ஒலியில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே, மாற்றுகிற அளவுக்கு ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டார். வெறும் படம் மட்டும் இருந்திருந்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் கோணத்தைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள். ஒலி இருந்ததால், ஒரு மனிதர் ஒன்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியதையே பிடித்துக்கொண்டார்கள். அது நியாயமான விமர்சனம் என்பேன், ரெஃப்ரியின் யோக்கியதையைப் பற்றிய வசவாக இல்லாமல் முடிவு எடுக்கும் முறையைப் பற்றியதாக இருந்தது.

வசவுக்குப் பேர்போன சம்பவத்திலும் இதே நிக் பெர்ரிதான் மாட்டினார், பாவம். 2021-ல் கேப்டவுனில் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டணியான லயன்ஸ் அணியுடனான முதல் டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்கா 17-22 என்று தோற்றது. தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் வீடியோவில் பெர்ரியின் முடிவுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார், அது இணையத்தில் பரவியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஆஃப்சைடு கணக்கெல்லாம் இல்லை. எதிரணித் தலைவரிடம் பேசிய மரியாதையோடு தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கோலிசியிடம் ரெஃப்ரி பேசவில்லை என்ற புகார்தான். கொரோனா காரணமாக மைதானம் காலி, அங்கே உட்கார்ந்து கேட்க ரசிகர்கள் இல்லை. இப்படிப்பட்ட புகாரைச் சரிபார்க்கக் காது வேண்டும், ரேடியோவில் தொனி தெரியும், யாரிடம் பொறுமையாக விளக்குகிறார், யாரைக் கையைக் காட்டி அனுப்புகிறார் என்பது தெரியும். எராஸ்மஸுக்கு இரண்டு மாத முழுத் தடை, 2022 செப்டம்பர் கடைசி வரை ஆட்ட நாள் வேலைகளுக்குத் தடை. அடுத்த நவம்பரிலேயே ட்விட்டர் பதிவுகளுக்காக இன்னும் இரண்டு ஆட்டம். தன் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் போகாது என்று பெர்ரி விசாரணையில் சொன்னார். புகாரில் ஏதோ இருந்திருக்கலாம், ஆனால் ஒரு ஆளின் பெயரைப் போட்டு உலகமே பார்க்கிற மாதிரி பரவியதும் அது விமர்சனமாக நிற்கவில்லை.

சரி, இந்தச் சாதனத்தின் பெரிய குறைக்கு வருகிறேன், இது கொக்கி உடைந்ததைவிடப் பெரிது. ஊதிய விசிலுக்குத்தான் இதில் விளக்கம் கிடைக்கும், ஊதாத விசிலுக்குக் கிடைக்காது. ரெஃப்ரிகள் மேல் வரும் கோபத்தில் கணிசமானது இரண்டாவது வகைதான். 2007 உலகக் கோப்பைக் கால் இறுதியில் பிரான்ஸின் முன்னோக்கிய பாஸை (ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது) ரெஃப்ரி வேய்ன் பார்ன்ஸ் கவனிக்கவில்லை, நியூசிலாந்து 18-20 என்று வெளியேறியது, அந்த நாட்டில் அவர் பெயர் பல வருடம் கெட்ட வார்த்தை. அங்கே காதில் என்ன மாட்டியிருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்காது.

இன்னொரு இருட்டு மூலை பங்கர். 2023-ல் வந்த ஏற்பாடு இது: மஞ்சள் அட்டை காட்டிவிட்டு, அது சிவப்பாக வேண்டுமா என்று வேறொரு அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் பார்த்துச் சொல்வார். அந்த வருட உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனின் அட்டை இப்படித்தான் சிவப்பானது, கோலிசியின் அட்டை மஞ்சளாகவே நின்றது. அந்த அறையில் என்ன எடைபோட்டார்கள் என்பது நம் காதுக்கு வருவதில்லை, முடிவு மட்டும் வந்து விழுகிறது. அதே ஆட்டத்தில் நியூசிலாந்தின் ஆரோன் ஸ்மித்தின் ட்ரையை ரத்து செய்ய, பல கட்டங்கள் (ஒரு ரக்கிலிருந்து அடுத்த ரக் வரை ஒரு கட்டம்) பின்னால் போய் ஒரு நாக்-ஆனை, அதாவது பந்தைக் கையால் முன்னால் தவறவிட்டதை, தோண்டி எடுத்தார்கள், அப்போதைய விதிப்படி இரண்டு கட்டம்தான் பின்னால் போயிருக்கலாம். நாக்-ஆன் உண்மை, எடுத்த வழி தவறு. கடைசியில் 12-11, தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை. ஐந்து நாளில், அந்த ஆட்டத்துக்கும் ரெஃப்ரியாக இருந்த பார்ன்ஸ் 111 டெஸ்ட் சாதனையோடு ஓய்வு அறிவித்தார், டிஎம்ஓ டாம் ஃபோலி டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். ஃபோலி சொன்ன காரணம், தனக்கும் குடும்பத்துக்கும் வந்த வசவும் மிரட்டலும். விதி மீறப்பட்டது என்று நாலு வரியில் சொல்லக்கூடிய ஒரு குறையை, குடும்பம் வரை இழுத்துப்போனவர்களுக்கு எந்த ரேடியோவும் உதவாது.

ட்விக்கன்ஹாமிலேயே நடந்த கதையும் உண்டு. 2015 உலகக் கோப்பைக் கால் இறுதி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்து 34-32 என்று முன்னே. கடைசி நிமிடத்தில் ரெஃப்ரி கிரெய்க் ஜூபேர் ஆஸ்திரேலியாவுக்கு ஆஃப்சைடு பெனால்டி கொடுத்தார், உதைத்தது மேலே சொன்ன அதே பெர்னார்ட் ஃபோலி, 35-34. (டாம் ஃபோலி வேறு ஆள், குழம்ப வேண்டாம்.) ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் ஜூபேர் யாரிடமும் பேசாமல் உள்ளே ஓடிவிட்டார். ஸ்க்ரம்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று உலக ரக்பி அமைப்பு மறுநாளே அறிவித்தது, அந்த முடிவை டிஎம்ஓவிடம் கேட்க அப்போதைய விதியில் இடமும் இல்லை. அவர் தவறு செய்ததைவிட ஓடியதுதான் பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

வாங்கலாமா? விதிகள் ஓரளவு தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம், ரக்கில் என்ன நடக்கிறது என்றே புரியாதவர்களுக்கு எண்களும் கத்தலும் குழப்பத்தைக் கூட்டும். வீட்டில் டிவியில் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லை, ரெஃப்ரி மைக் அதிலேயே வரும். சேவைக்கு ஐந்துக்கு நாலு. வாங்கினால் கீதத்துக்கு முன்னாடியே ஆன் செய்து ஒலி வருகிறதா என்று பாருங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்றித் தரச் சொல்லிப் படியிறங்கிப் போக முடியாது. நண்பருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "மச்சான், சத்தம் காணாது, கத்த முடியேல்லை" என்று இடைவேளைக்கு முன்பே கழற்றி என் மடியில் போட்டுவிட்டார்.